ஷஃபானில் பெட்டி திறப்போம்

 

ஷஃபான் பிறை கண்டதும் நம் வீடுகளில் ஒரு சுறுசுறுப்பு உண்டாகிவிடுகிறது. ஒட்டடைக் கம்பு வெளியே வருகிறது. அரிசி டின், மாவு டின், மிளகாய் டப்பா எல்லாம் கவிழ்த்துக் கழுவப்படுகின்றன. திரைச்சீலைகள் இறங்குகின்றன. மூலையில் சுருட்டிக் கிடந்த பாய்கள் மாடிக்குச் சென்று வெயில் காண்கின்றன. இவ்வாண்டுகளில் ஷஃபான் மாதம் ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி வருவதால், பினாங்கில் மழை ஓய்ந்த காலமாக அமைந்திருப்பது அல்லாஹ் செய்த உதவி. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே போகப் போக ஷஃபான் முன்னுக்கு நகர்ந்து ஆண்டுக் கடைசியின் அடைமழையில் வந்து நிற்கும். வெயில் இருக்கும்போதே பாயைக் காய வைத்துக் கொள்ளுங்கள்.

நாம் ஆலிம் அல்ல. ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், தகப்பனார் வைத்துச் சென்ற கைலிக் கடையில் உட்கார்ந்து கற்றதும்தான் நம் படிப்பு. ஆயினும் சங்கத்தார் கேட்டுக் கொண்டபடியால், வீட்டைத் துப்புரவு செய்யும் இம்மாதத்தில் நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறோம். ஓதியறிந்த பெரியவர்கள் பிழை கண்டால் திருத்துவார்களாக.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் சுத்தத்தை ஈமானின் பாதியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டாருக்கு உதவியாக வேலை செய்து கொண்டிருப்பார்கள், தம் காலணியைத் தாமே தைத்துக் கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நாமோ பதினொரு மாதமும் "என் மூக்குக் கண்ணாடி எங்கே, கடைச் சாவி எங்கே" என்று அடுப்படியைப் பார்த்துக் கூவுகிறோம். ஷஃபானில் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு, எதை எங்கே வைப்பது என்று பெண்களுக்கு உத்தரவு போடுகிறோம். இதைப் பற்றி அதிகம் சொன்னால் நம் வீட்டார் இந்த ஏட்டை நம்மிடமே திருப்பிக் காட்டக்கூடும். மேலே செல்வோம்.

கடையில் வருஷத்துக்கு ஒரு தடவை சரக்கு எடுத்துக் கணக்குப் பார்க்கிறோம் அன்றோ? எது விற்கும், எது விற்காது, எது நம்முடைய சரக்கு, எது பிறர் விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்துச் சென்றது என்று பிரிக்கிறோம். பிறர் சரக்கை நம் சரக்கோடு சேர்த்து எழுதினால் கணக்கே புரண்டு போகும். வீட்டிலும் அப்படித்தான். நம் அடுப்படி அலமாரியைச் சென்ற ஆண்டு ஒழுங்கு செய்தபோது, நம்முடையதல்லாத பாத்திரங்கள் மட்டும் ஏழு கிடைத்தன. சென்ற நோன்பில் அண்டை வீட்டார் கஞ்சி அனுப்பிய தூக்குச் சட்டி இரண்டு, பெருநாளன்று பிரியாணி வந்த மூடிபோட்ட டப்பா மூன்று, மௌலிது ஓதிய வீட்டுத் தட்டு ஒன்று. மற்றொன்று யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. ஓராண்டாக அதில்தான் நாம் பருப்பு வைத்திருந்தோம்!

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தூக்குச் சட்டியில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை எங்கள் வீட்டிலேயே நாம் பார்த்துவிட்டபடியால் சொல்லுகிறோம்.

எங்கள் தகப்பனார் மௌத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று கடை மாடியில் இருந்தது. மௌத்துக்குப் பின் கடை, வீடு, பாங்கில் இருந்த பணம் எல்லாவற்றையும் ஷரீஅத்துப்படி பங்கு வைத்துக் கொண்டோம். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பெட்டியை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை. வாப்பாவின் வாசம் அதில் இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அது அன்பா, சோம்பலா என்று இப்போது கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த ஷஃபானில் திறந்தோம். மேலே வாப்பாவின் கல்யாணப் பாய் இருந்தது. பத்தமடையில் நம் லெப்பைமார் வீட்டுப் பெண்கள் நெய்த மெல்லிய கோரைப் பாய். மணமக்கள் இருவர் பெயரையும் கோரையிலேயே ஏற்றி நெய்திருந்தார்கள். யாரோ அதைச் சுருட்டாமல் மடித்து வைத்ததால் மடிப்பு வழியே கோரை ஒடிந்திருந்தது. (கோரைப் பாயை ஒருபோதும் மடிக்காதீர்கள், சுருட்டித் துணி உறையிலிட்டு, படுக்கப் போட்டு வையுங்கள். சுவரில் சாய்த்தால் வளைந்து போகும்.) அதன் கீழே உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி, பாட்டியார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபு, பன்னீர்ச் செம்பு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஒரு கட்டு. 1945-இல் ஒரே நாளில் வெறும் காகிதமாகிப் போன அந்த நோட்டைப் பாட்டனார் எறியாமல் வைத்திருந்ததன் காரணம் வியாபாரிகளாகிய உங்களுக்கு விளங்கும். கிதாபின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. நான்கு கிராம்பும் கொஞ்சம் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து போட்டிருந்தால் இவ்வளவு அரித்திராது.

பெரியோர் விட்டுச் சென்ற பொருளைப் போற்றி வைப்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒட்டுப் போட்ட ஒரு போர்வையையும் தடித்த கீழாடையையும் எடுத்துக் காட்டி, நாயகம் (ஸல்) அவர்களின் உயிர் பிரிந்தது இவற்றில்தான் என்று சொன்னதாக புகாரியில் வருகிறது. அனஸ் (ரலி) அவர்களிடம் நாயகம் அருந்திய கிண்ணம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தை நீக்கிவிட்டுப் பொன்னிலோ வெள்ளியிலோ போட அவர்கள் நினைத்தபோது, அல்லாஹ்வின் தூதர் வைத்திருந்ததில் எதையும் மாற்றாதே என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் தடுத்தார்கள். அனஸ் அவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே, பழையதென்றால் குப்பை, புதியதென்றால் அழகு என்று இந்நாளில் சிலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை. பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டிக்குப் பாலிஷ் போட்டு, அதன் நசுக்கலைத் தட்டி நேராக்கிய பின் அது பாட்டியாருடையதாக எப்படி இருக்கும்?

ஆனால் போற்றி வைப்பதற்கு முன், அது நம்முடையதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பாடந்தான்.

சிவப்புச் சுருக்குப் பை ஒன்று. அதனுள் வெள்ளி அரைஞாண், தங்க வளையல் இரண்டு, காகித உறையில் ஒரு சிறு போட்டோ, வாப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் ஓர் ஆளின் பெயர், ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள ஓர் ஊரின் பெயர், 1983 என்ற வருஷம், "வளையல் 4, எடை 4 பவுன், மகள் நிக்காஹுக்கு, அமானத்" என்ற எழுத்து. உம்மாவுக்கு ஆளை நினைவிருந்தது. கடையில் வேலை பார்த்து மாடியிலேயே படுத்திருந்தவர். ஊருக்குப் போகும்போது வாங்கிக் கொள்கிறேன் என்று முதலாளியிடம் கொடுத்து வைத்தார். அடுத்த ஆண்டே காய்ச்சலில் விழுந்து பினாங்கு மண்ணிலேயே அடக்கமானார். வாப்பா ஊருக்கு இரண்டு கடிதம் போட்டார்களாம், பதில் இல்லையாம்.

உள்ளதைச் சொல்லுகிறோம். வளையலைக் கையில் எடுத்ததும் நமக்கு முதலில் நினைவு வந்தது கடை வாடகைப் பாக்கி. நாற்பது வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்த பொருள். தங்கம் விற்கும் விலையோ வானத்தில். ஷைத்தான் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான் போலும். கண்டெடுத்த பொருளை ஓராண்டு விளம்பரம் செய்து, ஆள் வராவிட்டால் அனுபவிக்கலாம் என்று ஹதீஸில் உண்டே என்று காக்கா தொலைபேசியில் சொன்னார். ஆலிம்சாவிடம் கேட்டோம். "அது வழியில் கண்டெடுத்ததற்கு. இது கையில் கொடுத்து வைத்தது. ஓராண்டும் நூறாண்டும் இதற்கு ஒன்றுதான். ஆள் இல்லையென்றால் அவர் வாரிசு" என்று முடித்துவிட்டார்கள். அமானத்துகளை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹு தஆலா கட்டளையிடும் நிஸா ஸூராவின் வசனத்தையும் ஓதிக் காட்டினார்கள். தம்மைக் கொல்லச் சூழ்ந்து நின்ற மக்கத்துக் குறைஷிகள் கொடுத்து வைத்த பொருள்களைக்கூட உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக, 622-ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களை நாயகம் பின்னால் நிறுத்திச் சென்றார்கள். பகைவனுடைய பொருளுக்கே அப்படி! நம் மாடியில் படுத்து, நம் சரக்கு மூட்டையைச் சுமந்தவருடைய பொருளுக்கு எப்படி இருக்க வேண்டும்?

இதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. சீட்டில் வளையல் நான்கு. பையில் இரண்டு. மற்ற இரண்டு எங்கே?

பெட்டியில் வாப்பாவின் பழைய கணக்குப் புத்தகங்களும் இருந்தன. 1998-ஆம் வருஷத்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி அரபு எழுத்தில் இருந்தது. நமக்கு ஓதத் தெரியும்; ஆனால் புள்ளி மாறிய எழுத்துகள் இடையிடையே வந்ததால் தட்டியது. அது அரபு மொழியல்ல, அரபுத் தமிழ். நம் ஊர்ப் பெண்மக்கள் வீட்டிலிருந்தே கற்று வந்த அந்த எழுத்து எங்கள் தலைமுறையில் நின்றுபோய்விட்டது. உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக் கொண்டு மனத்துக்குள் படித்தார்கள். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக் கொண்டார்கள்.

"என்ன உம்மா?" என்றோம்.

"கடைப் பையன்க யாரும் படிச்சிரக் கூடாதுன்னு இந்த எழுத்துல எழுதியிருக்காக. நான்தான் படிக்கணும்னு இருந்திருக்கு" என்றார்கள்.

1998-இல் ரிங்கிட் விழுந்து, இந்தியச் சரக்குக்குப் பணம் அனுப்ப முடியாமல் கடை மூடும் நிலைக்கு வந்தபோது, வாப்பா அந்த வளையல் இரண்டை அடகு வைத்திருக்கிறார்கள். மீட்க முடியாமல் அடகு முழுகிப் போயிருக்கிறது. "அமானத்தில் கை வைத்தேன். 2 பவுன் கொடுக்க வேண்டும். அல்லாஹ் மன்னிப்பானாக" என்று எழுதியிருக்கிறார்கள். அதன் பின் 24 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கடை நிமிர்ந்தது, எங்களுக்குக் கல்யாணங்கள் நடந்தன, ஹஜ்ஜும் செய்தார்கள். அந்த இரண்டு பவுன் மட்டும் ஏன் திரும்பி வரவில்லை என்பதை இனி வாப்பாவிடம் கேட்க முடியாது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருப்பார்கள். நாம் தள்ளுவதைப் போல.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் சட்டென்று எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிக் கொண்டு வீட்டுக்குள் போனார்கள். மக்கள் திடுக்கிட்டார்கள். திரும்பி வந்து, வீட்டில் கொஞ்சம் தங்கம் இருப்பது நினைவு வந்தது, அது நம்மைத் தடுத்து நிறுத்துவதை நாம் விரும்பவில்லை, அதைப் பங்கிடச் சொல்லிவிட்டு வந்தோம் என்று விளக்கினார்கள். இது புகாரியில் உள்ளது. ஓர் இரவுகூடத் தங்கவிடவில்லை. எங்கள் வீட்டில் 24 ஆண்டுகள்!

இறந்தவருடைய குறையைப் பேசலாகாது என்று சிலர் நம்மைக் கண்டிக்கலாம். நியாயந்தான். ஆகவே எழுதுவதற்கு முன் உம்மாவிடம் உத்தரவு கேட்டோம். "எழுதுங்க வாப்பா. உங்க வாப்பா மறைக்க நெனச்சிருந்தா எழுதியே வச்சிருக்க மாட்டாக. இதைப் படிச்சு இன்னொரு வீட்டு ஆம்பள தப்பிச்சாருன்னா அந்த நன்மை அவுகளுக்குப் போய்ச் சேரும்" என்றார்கள். திருப்பிக் கொடுக்கும் நிய்யத்தோடு பிறர் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ்வே அதை நிறைவேற்றி வைப்பான் என்ற ஹதீஸ் ஒன்று உண்டு. கொடுத்து வைத்த அமானத்தில் உத்தரவின்றிக் கை வைப்பது வேறு விஷயம், குற்றந்தான் என்று ஆலிம்சா சொன்னார்கள். ஆயினும் உம்மா அந்த ஹதீஸைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். நாமும் அவ்வாறே பிடித்துக் கொண்டிருக்கிறோம்.

அடுத்து வந்தது பணப் பேச்சு. 1998-இல் அடகில் வாங்கிய தொகை எவ்வளவோ அதைக் கொடுத்தால் போதாதா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. யார் கேட்டார் என்று எழுத வேண்டாம்; எல்லோர் மனத்திலும் இருந்தது. பொன்னை எடுத்தால் பொன்னைத்தான் கொடுக்க வேண்டும், அதே எடைக்குக் கொடுங்கள் என்றார்கள் ஆலிம்சா. குகையில் அடைபட்ட மூவரின் கதையையும் நினைவூட்டினார்கள். கூலியை வாங்காமல் போய்விட்ட ஒரு வேலையாளின் கூலியை முதலாளி பெருக்கி வளர்த்து வைத்திருந்தார். பல காலம் கழித்து அவன் வந்து கேட்டபோது மாடு கன்றெல்லாம் உன்னுடையதே என்று காட்ட, அவன் கேலி செய்கிறாரோ என்று பயந்தான். அத்தனையையும் ஓட்டிக் கொண்டு போனான். அதன் பரக்கத்தால் குகை வாயிலிலிருந்த பாறை விலகியது. "அந்த முதலாளி வளர்த்துக் கொடுத்தார். நீங்கள் எடையைக்கூடக் குறைத்துக் கொடுக்கப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டபின் எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. வஸிய்யத்தும் கடனும் போகத்தான் வாரிசுகளுக்குப் பங்கு என்று அல்லாஹ் குர்ஆனில் சொல்லியிருக்க, நாங்கள் கடனைத் தீர்க்காமலே பங்கு பிரித்துக் கொண்டிருக்கிறோம்! ஒரு ஜனாஸாவைக் கொண்டு வந்தபோது, அவர் மீது கடன் இருப்பதை அறிந்து நாயகம் தாம் தொழுவிக்காமல் நின்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தீனாரைத் தாம் ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். நாங்கள் வாப்பாவுக்கு ஜனாஸா தொழுத அன்று அவர்களுக்குக் கடன் உண்டா என்று இமாம் கேட்டார்கள். இல்லை என்று உரக்கச் சொன்னது நாம்தான்.

ஆளுக்கு வாங்கிய பங்கின்படி இரண்டு பவுனின் விலையைத் திரும்பப் போட்டோம். லாத்தா தயங்காமல் முதலில் கொடுத்தார். "எட்டில் ஒண்ணு வாங்குனேன்ல, எட்டில் ஒண்ணு நானும் தர்றேன்" என்று உம்மாவும் கொடுத்தார்கள்.

வாரிசைத் தேடுவது கடினமாக இருக்கும் என்று எண்ணினோம். சீட்டிலிருந்த பெயரையும் ஊரையும் சங்கத்து நண்பர் ஒருவர் கைப்பேசிக் குழுவில் போட்டார். பத்து நாளில் பதில் வந்துவிட்டது. அந்த ஊர் ஜமாஅத்தார் வாரிசு யார் யார் என்று விசாரித்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மகள், ஒரு தம்பி. நாமே புறப்பட்டுப் போனோம். குறைந்த இரண்டு வளையலை ராமநாதபுரத்திலேயே வாங்கி, ஜமாஅத்தார் முன்னிலையில் நான்கையும் அரைஞாணையும் வைத்தோம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அந்த மகளுக்கு இப்போது அறுபது வயதிருக்கும். வளையலை எடுத்துப் பார்க்கவில்லை. காகித உறையைப் பிரித்து அந்தச் சிறு போட்டோவையே பார்த்துக் கொண்டிருந்தார். அவர் வாப்பா கப்பலேறியபோது அவருக்கு எட்டு வயதாம்; வீட்டில் படம் ஒன்றும் இல்லையாம். "முகம் மறந்து போச்சு தம்பி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் வாப்பாவுக்காக துஆச் செய்யும்படி கேட்டோம். செய்தார்.

நாற்பது வருஷம் எங்கள் பெட்டியில் கிடந்தது நான்கு பவுன் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம், சகோதரர்களே!

ஊரிலிருந்து திரும்பியதும் நாம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், வீட்டிலுள்ள எந்தப் பொருள் யாருடையது, எந்தப் பாயை யார் கல்யாணத்துக்கு நெய்தார்கள், பன்னீர்ச் செம்பு எவர் சீர் என்று எழுதி வருகிறோம். பழைய போட்டோக்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுகிறோம். உம்மா இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பிறகு அவை வெறும் முகங்கள். அணியாமல் பெட்டியில் கிடக்கும் தங்கம் 85 கிராமை எட்டி ஓராண்டு கடந்திருந்தால் ஸக்காத்தும் அந்தப் புத்தகத்திலேயே ஏறும். எல்லாம் தமிழில், வீட்டார் படிக்கும்படி, வீட்டார் அறிந்த இடத்தில். வஸிய்யத் செய்ய வேண்டியது இருக்கும் முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிக்கலாகாது என்று நாயகம் அவர்கள் சொல்லியிருக்க, நாம் இந்தப் புத்தகத்தைத் தொடங்கவே நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறோம்.

கடைசியாக ஒரு விளம்பரம். கடை மாடிப்படிக்கடியில் சிறிய மரப்பெட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தாருடையதல்ல. உள்ளே ஒரு பித்தளைச் சுண்ணாம்புக் குப்பி, குழந்தைக்குரிய வெள்ளித் தண்டை ஒரு ஜோடி, 1962-ஆம் வருஷத்து ராஜுலா கப்பல் சீட்டில் பாதி. பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. ஊரின் பெயரில் "பட்டினம்" என்ற கடைசிப் பகுதி மட்டும் மிச்சம். நம் கடற்கரையில் பட்டினம் என்று முடியும் ஊர்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். இந்த ஏட்டை வாசிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். பெட்டியில் இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதவில்லை. உரியவர் அடையாளம் சொல்லட்டும். அஸருக்குப் பின் நாம் கடையில் இருப்போம்.

வஸ்ஸலாம்.